நடுக்கடலில் தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்

நல்ல டீ வேண்டுமென்றால் மலைக்குப் போக வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இலை மலையில் விளைகிறது, சரி. ஆனால் அந்த இலையில் டீ போடுவதற்கு மலையைவிடக் கடல்தான் தோதான இடம். குன்னூர்ப் பக்கம் டீ ஃபேக்டரியில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு தூண்டிவிட்டாலும் அதற்கு மேல் ஏறாது. கப்பலில் அதே தண்ணீர் 100 டிகிரி வரைக்கும் போகும். டஸ்ட் டீக்கு, அதாவது பொடியான தூளுக்கு, அந்த ஆறு டிகிரி சும்மா இல்லை.

அப்படியிருந்தும் உல்லாசக் கப்பலில் போய்விட்டு வந்தவர்களைக் கேட்டால், "சாப்பாடு பிரமாதம், டீதான் வாயில் வைக்க முடியவில்லை" என்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும் எங்களை அங்கிருந்து பினாங்கு, புக்கெட் போகும் கப்பலில் கூட்டிப்போவதாகச் சொன்னபோது, என் மனைவி எந்தப் புடவை எடுத்து வைப்பது என்று யோசித்தாள். நான் தெர்மாமீட்டரை எடுத்து வைத்தேன். டேஸ்டிங் அறையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அந்தச் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் என் பையில் இருக்கும்.

மரினா பே கப்பல் முனையத்தில் வரிசையில் நிற்கும்போதே ஒன்றைப் பார்த்தோம். எங்களுக்கு முன்னால் நின்ற சென்னைக் குடும்பம் மின்சாரக் கெட்டில் ஒன்றைப் பெட்டியில் வைத்திருந்தது. எக்ஸ்ரேயில் தெரிந்ததும் எடுத்துக்கொண்டு, இறங்கும் நாளன்று வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு முகமே வாடிவிட்டது. பெரும்பாலான கப்பல்களில் இதுதான் விதி. சூடேறும் கம்பி உள்ள கெட்டில், இஸ்திரிப்பெட்டி போன்றவற்றைப் பயணிகள் கொண்டுவர விடமாட்டார்கள். கப்பலில் தீ பிடித்தால் ஓடித் தப்பிக்க இடமில்லை, அதனால் இதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இங்கிலாந்துக்காரர்களை நம்பி ஓடும் பி அண்ட் ஓ, குனார்ட் போன்ற கப்பல்களில் மட்டும் அறைக்கு அறை கெட்டிலைக் கப்பல்காரர்களே வைத்துவிடுகிறார்கள். டீ குடிக்கிறவர்களைப் புரிந்துகொண்டவர்கள். நாங்கள் போன கப்பலில் அந்த வசதி இல்லை.

முதல் நாள் காலையில் பஃபேக்குப் போனோம். பெரிய இயந்திரம், ஒரு குழாயில் காபி, அடுத்த குழாயில் வெந்நீர். பக்கத்திலேயே மரப்பெட்டியில் விதவிதமான டீ பைகள், ஐஸ் மேல் பரப்பிய குட்டி டப்பாக்களில் பால். மகள் ஒரு கோப்பை வெந்நீர் பிடித்துக்கொண்டு, ஒரு பை, ஒரு பால் டப்பா எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் குழாயடியிலேயே தெர்மாமீட்டரைப் பிடித்துப் பார்த்தேன், 82 டிகிரி. கனமான பீங்கான் கோப்பையில் விழுந்ததும் 75. மேசைக்கு நடந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, உறையைக் கிழித்துப் பையை முக்கும்போது 71. மூன்று நிமிடம் கழித்து அந்த ஜில்லென்ற பாலை ஊற்றியதும் 60க்குக் கீழே இறங்கிவிட்டது.

இதில் டீ எங்கிருந்து வரும்? இந்தச் சூட்டில் நிறம் இறங்கிவிடும், அதுதான் ஆளை ஏமாற்றுவது. கோப்பையைப் பார்த்தால் டீ மாதிரியே இருக்கும். ஆனால் நாக்கின் ஓரங்களைச் சுருக்கென்று பிடிக்கிற அந்தத் துடிப்பு, நாங்கள் ஃபேக்டரியில் 'பிரிஸ்க்' என்று சொல்வது, நல்ல கொதி பட்டால்தான் முழுசாக இறங்கும். அது இல்லாத டீயில் பால் விட்டால் நிறம் செத்துச் சாம்பல் பூத்துப்போகும். திடமான டிகாக்‌ஷனில் பால் விட்டால் பளிச்சென்று செம்பு நிறம் எழும்பி வரும். டீ சரியா தப்பா என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், குடிக்கக்கூட வேண்டியதில்லை. மகள் கையிலிருந்தது சாம்பல்.

ஆயிரக்கணக்கான பேர் போய்வருகிற இடம், குழந்தைகள், வயதானவர்கள், போதாததற்குக் கப்பல் ஆடும். பொதுக்குழாயில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட முடியாதுதான். அதோடு அந்த இயந்திரத்தில் வெந்நீரும் காபியும் ஒட்டி ஒட்டி வருவதால் வெந்நீரிலேயே லேசாகக் காபி வாசம் அடித்தது. காபி குடிக்கிறவருக்கு அது தெரியாது. டீ குடிக்கிறவருக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

இலையைக் குறை சொல்கிறவர்கள் ஒரு பக்கம், கப்பல் தண்ணீரைக் குறை சொல்கிறவர்கள் ஒரு பக்கம். "உப்புத்தண்ணியைக் காய்ச்சித் தர்றாங்க, அதான் டீ வெளங்கல" என்று லிஃப்டில் ஒருவர் சொன்னதைக் கேட்டேன். தண்ணீரைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்லாதீர்கள். பெரிய கப்பல்கள் நல்ல தண்ணீரைக் கடலிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஒரு வழி, இஞ்சினில் வீணாகிற சூட்டைக் கொண்டு கடல்நீரை ஆவியாக்கிக் குளிரவைப்பது. உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்துவிடுவதால் 100 டிகிரிக்கு வெகு முன்பே அது ஆவியாகிவிடும். இன்னொரு வழி நம் வீட்டு ஆர்.ஓ. மாதிரியேதான், அளவில் பிரம்மாண்டம். இரண்டிலும் உப்பு போய்விடும். அப்புறம் குழாய் அரிக்காமல் இருக்கவும் குடிக்க ருசியாக இருக்கவும் கொஞ்சம் தாது சேர்த்து, குளோரின் போட்டு அனுப்புவார்கள். வருவது மென்னீர். டீக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

சென்னையில் அண்ணா நகரில் என் தங்கை வீடு. போர்வெல் தண்ணீரில் அவள் போடும் பால் விடாத டீயின் மேல் பளபளவென்று ஒரு ஏடு படியும், கோப்பையின் உட்புறம் பழுப்பு வளையம் பிடிக்கும். தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு செய்கிற வேலை அது. நான் கொண்டுபோயிருந்த ஆர்த்தடாக்ஸ் இலையை (தூளாக்காமல் இலையாகவே உருட்டிப் பதப்படுத்தியது), டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற நாளில் பறித்த நீலகிரி இலை, அதைக் கப்பல் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். ஏடு இல்லை, மங்கல் இல்லை. வெள்ளைக் கோப்பையின் அடி வரைக்கும் தெரிந்தது, விளிம்பைச் சுற்றித் தங்க வளையம். அந்த மாதிரித் தெளிவை ஏலத்துக்கு முன்னால் டேஸ்டிங் மேசையில்தான் பார்த்திருக்கிறேன். என் மனைவி பாலில்லாத டீயைப் பொதுவாகத் தொட மாட்டாள். பால்கனியில் நின்று அந்தக் கோப்பையை முழுசாகக் குடித்தாள்.

அந்தக் கொதிநீர் எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். கப்பலில் ஐந்தாவது தளத்தில் ஒரு காபிக் கடை, எஸ்பிரெஸோ இயந்திரம் வைத்திருக்கிற கவுண்டர். பஃபே போல இலவசமில்லை என்பதால் கூட்டம் இருக்காது. அந்த இயந்திரத்துக்குள் நீராவிக்கென்று ஒரு பாய்லர் உண்டு, அதில் அழுத்தத்தோடு நிற்கிற தண்ணீர் 100 டிகிரிக்கும் மேலே இருக்கும். வெந்நீர்க் குழாய் பெரும்பாலான இயந்திரங்களில் நேரே அந்தப் பாய்லரிலிருந்துதான் வரும். திறந்தால் புஸ்ஸென்று ஆவியோடு கொதித்துக்கொண்டே விழும், காபித்தூள் பக்கமே போகாது. நம் ஊர் டீக்கடை பாய்லரின் ஒன்றுவிட்ட தம்பி என்றே சொல்லலாம்.

கவுண்டரில் ஒரு ஃபிலிப்பைன்ஸ் பெண். என் ஃபிளாஸ்க்கைக் காட்டி, வெந்நீர் மட்டும் போதும் என்று சொன்னேன். முதலில் ஃபிளாஸ்க்கில் பாதி வாங்கி, மூடிக் குலுக்கிக் கீழே ஊற்றச் சொன்னேன். ஃபிளாஸ்க் சூடாக வேண்டும், அதை விட்டுவிட்டால் ஐந்தாறு டிகிரி அங்கேயே போய்விடும். அடுத்து எஸ்.ஆர்.டி. டஸ்ட் நாலு ஸ்பூன். எங்கள் பக்கம் டீக்கடைகளுக்குப் போகிற அதே சூப்பர் ரெட் டஸ்ட். அதன் மேல் 300 மில்லி கொதிநீர். தூளின் மேல் தண்ணீர் விழ வேண்டும், தண்ணீரில் தூள் விழக் கூடாது. ஃபிளாஸ்க் வாயில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், 96! அந்தப் பெண்ணுக்கும் சுவாரசியம் வந்துவிட்டது, எட்டிப் பார்த்தாள். மூடி நாலு நிமிடம் வைத்தேன். ருசி பார்க்கிறவர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு தரமே இருக்கிறது. 100 மில்லிக்கு 2 கிராம் இலை, கொதிநீர், 6 நிமிடம். அது குறை நிறைகளை அலசுவதற்கு. குடிப்பதற்கு, அதுவும் டஸ்ட்டுக்கு, நாலு நிமிடமே தாராளம். தாண்டினால் கசக்கும்.

நாலு நிமிடம் ஆகும்போது அந்தப் பெண் பாலை நீராவிக் குழலில் சூடாக்கிக் கொடுத்தாள். அவர்கள் காபிக்கு 65 டிகிரி வாக்கில் நிறுத்திவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் சூடாக என்று கேட்டால் தருவார்கள். சூடான பால்தான் முக்கியம். ஐஸ் மேல் இருக்கிற பாலை ஊற்றினால் இவ்வளவு நேரம் காப்பாற்றிய சூடெல்லாம் ஒரு நொடியில் போய்விடும். இரண்டு பங்கு டிகாக்‌ஷன், ஒரு பங்கு பால். எவர்சில்வர் வடிகட்டியை மகள் வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தேன். வடிகட்டி, இரண்டு டம்ளரில் நாலு தடவை ஆற்றினேன். செம்பு நிறம். வெந்நீருக்குக் காசு வாங்கவில்லை, பாலுக்கு மட்டும்தான் பில். அந்தப் பெண்ணுக்கும் ஒரு வாய் கொடுத்தோம். மறுநாள் முதல் என்னைப் பார்த்ததும் அவளே ஃபிளாஸ்க்குக்குக் கை நீட்டினாள்.

மாப்பிள்ளை காபிக்காரர். குடித்துப் பார்த்துவிட்டு, "மாமா, இது டீ" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

ஃபிளாஸ்க்கும் தூளும் தூக்கிக்கொண்டு அலைய முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலில் நம் நாட்டுப் பயணிகள் நிறைய, அதனால் காலையில் இட்லி, பூரி, உப்புமா உள்ள இந்தியக் கவுண்டரில் ஒரு ஸ்டீல் டிரம்மில் மசாலா டீ வைத்திருப்பார்கள். எட்டரை மணிக்குப் போய்ப் பிடித்தால் கசந்து, கறுத்து, ஏலக்காய் வாசமெல்லாம் போய் இருந்தது. அங்கே பரிமாறின பையன் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தமிழில் பேசினான். திருச்செந்தூர்ப் பக்கம் ஊர், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும்.

"சார், இது ஆறு மணிக்குப் போட்ட டீ. இவ்வளவு நேரமா சூட்டுலயே நிக்குது. நாளைக்கு ஆறு மணிக்கு வாங்க, இறக்கின உடனே எடுத்துத் தாரேன்."

அவனிடம்தான் கப்பல் சமையலறையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த மாதிரிக் கப்பல்களில் கேஸ் அடுப்பு கிடையாது, தீயே கிடையாது. எல்லாம் மின்சாரமும் நீராவியும். இரட்டைச் சுவர் வைத்த பெரிய பாத்திரம், சுவருக்கு நடுவில் நீராவி ஓடும், உள்ளே பாலும் தண்ணீரும் தூளும். அடி பிடிக்காது, எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சூடேறும். இஞ்சி தட்டிப் போட்டு, பொங்கி வருகிற நேரத்தில் தூளைப் போட்டு இறக்கிவிட்டால் அது நல்ல டீதான். கெடுவது அதற்கப்புறம், டிரம்மில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும்போது. மறுநாள் ஆறு மணிக்குப் போனேன். வெளியே இன்னும் இருட்டு. பையன் சொன்னபடி ஒரு டம்ளர் தந்தான், இஞ்சி காரம் தொண்டையில் நின்றது. கப்பலில் வேலை செய்கிறவர்கள் சாப்பிடும் இடத்தில் டீ இன்னும் நன்றாக இருக்கும் என்றான். அவர்களில் நம் நாட்டுக்காரர்கள் பல பேர், கேட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். பயணிகள் அங்கே போக முடியாது. ஏழெட்டு மாதம் வீட்டைப் பார்க்காமல் கடலிலேயே இருக்கிறவர்களுக்கு அது கிடைக்கிறதே என்று எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது.

பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹம் துறையில் அணையும். இறங்கினால் கண்ணெதிரே விக்டோரியா மணிக்கூண்டு, அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். குவீன் ஸ்ட்ரீட்டில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை, "தே தாரிக், குராங் மானிஸ்" என்றார், மலாயில் 'இழுத்து ஆற்றிய டீ, இனிப்பு குறைவாக' என்று அர்த்தம். இனிப்பைக் குறைக்கச் சொல்லாவிட்டால் கண்டென்ஸ்டு மில்க்கைத் தாராளமாக விட்டுவிடுவார்களாம். கடைக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டதும், "எந்த ஊருண்ணே?" என்றார். அவருடைய தாத்தா கடையநல்லூரிலிருந்து வந்தவர்.

நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். நீளத் துணிப்பையில் தூள், பாய்லரிலிருந்து கொதி அடங்காத தண்ணீர், அதைப் பைக்குள் ஊற்றி எடுத்து மறுபடியும் ஊற்றினார். கீழே இறங்கியது கிட்டத்தட்டக் கறுப்பு. கண்டென்ஸ்டு மில்க் மேல் அதை விட்டு, இரண்டு குவளைகளுக்கு நடுவே கைநீளத்துக்கு இழுத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கண்டென்ஸ்டு மில்க் டீ எனக்கு இஷ்டமில்லை, பால் டீயில் பால்வாசம் வர வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அந்த இனிப்பையும் மீறி நிற்கிற திடம் அந்த டிகாக்‌ஷனில் இருந்தது, கொதிநீரின் வேலை அது. எந்தத் தூள் என்று கேட்டேன். 'போ' (BOH) கம்பெனி டஸ்ட் என்றார். கேமரன் ஹைலண்ட்ஸில் 1929இல் தொடங்கிய தோட்டம். அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்களில் நம் ஜனங்கள் எத்தனையோ பேர். ஒரு பாக்கெட் வாங்கி, புக்கெட் போகும்போது அதே ஐந்தாவது தளத்து வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். எஸ்.ஆர்.டி. அளவுக்குத் துடிப்பு இல்லை, ஆனால் நிறம் கனம். பாலை அதிகம் தாங்கும். என் மனைவிக்கு இதுதான் பிடித்தது.

தூள் கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டீ அக்கம் பக்கத்து வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். 1869இல் கடலில் இறங்கிய கட்டி சார்க் மாதிரியான பாய்மரக் கப்பல்கள் சீனத்திலிருந்து லண்டனுக்கு டீ ஏற்றிய காலத்தில், பெட்டிக்குள் ஈயத்தகடு வைத்து மூடித்தான் அனுப்பினார்கள், ஈரமும் நாற்றமும் ஏறிவிடக் கூடாது என்று. கப்பல் அறை சின்னது. சோப்பு, சன்ஸ்கிரீன், சென்ட் எல்லாம் ஒரே அலமாரியில்தான் இருக்கும். தூளை அலுமினியத் தாள் உள்ள உறையில் போட்டு, அதை இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிப்லாக் பிளாஸ்டிக் பை போதாது. ஃபிளாஸ்க்கையும் டீக்கு மட்டும் தனியாக வையுங்கள். ரசமோ காபியோ ஒரு தடவை ஊற்றின ஃபிளாஸ்க்கில் டீ போட்டுப் பயனில்லை.

எதுவுமே கொண்டுபோகாமல் பஃபேயில்தான் குடிக்க வேண்டும் என்றால், குழாயடியிலேயே நின்று செய்யுங்கள். கோப்பையில் ஒரு தடவை வெந்நீர் பிடித்துக் கொட்டிவிட்டு, சூடான கோப்பையில் இரண்டு பைகளைப் போட்டு, அதன் மேல் வெந்நீர் விட்டு, ஒரு சாஸரால் மூடி, அப்புறம் மேசைக்கு எடுத்துப் போங்கள். 82 டிகிரி தண்ணீருக்கு இரண்டு பையும் ஐந்து நிமிடமும் வேண்டும். குட்டி டப்பாப் பாலை விட்டுவிட்டு, கார்ன்ஃப்ளேக்ஸ் வைத்திருக்கிற இடத்தில் சூடான பால் ஜக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை ஊற்றுங்கள். அற்புதமாக இருக்காது, ஆனால் குடிக்கலாம்.

இறங்குவதற்கு முந்தின இரவு அறைக்கு ஒரு கருத்துப் படிவம் வந்தது. மகள் சாப்பாட்டுக்கும் சுத்தத்துக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள். கீழே காலி இடத்தில் எழுதினேன்: இந்தியக் கவுண்டரில் மசாலா டீயை ஒரே தடவையில் டிரம் நிறையப் போடாமல், அரை மணிக்கு ஒரு தடவை சின்ன அளவில் போடுங்கள். பஃபேயில் ஊழியர் ஒருவர் கையில் கொதிநீர்க் கெட்டில் இருக்கட்டும், கேட்கிறவர்களுக்கு அவரே ஊற்றித் தரட்டும். பால் சூடாக இருக்கட்டும். உங்கள் கப்பலில் தண்ணீர் அருமை, அதை வீணாக்காதீர்கள். கடைசி வரியில் அந்த ஃபிலிப்பைன்ஸ் பெண்ணையும் திருச்செந்தூர்ப் பையனையும் அவரவர் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்து எழுதிப் பாராட்டினேன். படிவத்தில் இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுத வேண்டியிருந்தது.